உறவுமுறைக் கட்டம்

ஜூலை 8, செவ்வாய். காலை 6.10: விழுப்புரம் மருத்துவமனையில் என் மனைவி இறந்தாள். 6.40: தான்சானியாவில் ஒரு பள்ளியில் கற்பிக்கும் கன்னியாஸ்திரியான என் தங்கைக்குத் தகவல் சொன்னேன். ஜூலை 9, மாலை 4: திண்டிவனம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். தங்கை வரவில்லை.

பெற்றோரோ உடன்பிறந்தாரோ இறந்தால்தான் அவள் சபையில் ஊருக்கு வர விடுப்பு. ஐந்து வயதில் தாயை இழந்தவளைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் என் மனைவி. விடுப்பு விண்ணப்பத்தின் உறவுமுறைக் கட்டத்தில் ‘வளர்த்த தாய்’ என்று எழுதச் சொன்னேன். ‘அண்ணன் மனைவி’ என்று எழுதினாள்.

பத்து நாள் கழித்து, பள்ளி இடைவேளையில் அழைத்தாள்.

“வளர்த்த தாய்னு எழுதினா பொய்யா ஆயிடுமா?” என்றேன்.

“பொய்யில்ல அண்ணா. நான் மடத்துக்குக் கிளம்பறப்ப அண்ணி என்னா சொன்னாங்க தெரியுமா? ‘எங்கயும் என்னை அம்மான்னு எழுதாதடி, பெத்தவ பேரு மறைஞ்சிடும்’னாங்க. அவங்க செத்ததும் மாத்தி எழுதறதா? இருங்க, பெல் அடிச்சிடுச்சி. பசங்க தட்டோட நிக்கிறாங்க, கஞ்சி ஊத்தணும்.”

நாலரைக்கு எழுந்து செபம், பூசை, ஐந்து வகுப்புகளுக்குக் கணிதம், நடுவில் கஞ்சி. எனக்கு மிஞ்சுவது பதினைந்து நிமிடம். அதையும் மணி தின்றுவிடுகிறது. எரிச்சலில் நானே தொடர்பைத் துண்டித்தேன். மனைவி அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது.

இன்னும் செய்யாதவை:

கல்லறையின் படத்தைத் தங்கைக்கு அனுப்புவது.

முப்பதாம் நாள் பூசையைப் பகல் பன்னிரண்டரைக்கு வைக்கும்படி பங்குத்தந்தையைக் கேட்பது. தான்சானியாவில் அப்போது காலை பத்து; அவளுக்கு இடைவேளை.

அவளைத் திரும்ப அழைப்பது.