வளர்ற பிள்ளைக்கு இருபது இஞ்ச்

"அம்மா, இந்த சைக்கிளை நீ யாருக்கு வாங்கினே?"

போன ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட்டது என் மகள் யாழினி. ஆறு வயது.

"உனக்குத்தான்டி. வேற யாருக்கு?"

"பொய்! எனக்குத்தான் கால் எட்டவே இல்லியே."

கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். அவள் பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்க, இங்கே பெங்களூரில் நீலசந்திராவில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் அவளை ஒரு தரம் நிற்கவைத்துப் பார்த்தார். "பாப்பாவுக்குப் பதினாறு இஞ்ச் சக்கரம் கரெக்டா இருக்கும் மேடம்" என்றார். நான் விடுவேனா? "வளர்ற பிள்ளைங்க. இருபது கொடுங்க, ரெண்டு மூணு வருஷம் ஓடும்ல!"

நம் வீடுகளில் இது எழுதாத சட்டம் அல்லவா? யூனிஃபார்மின் அடியை மடித்துத் தைத்து, வருடா வருடம் பிரித்துவிடுவோம். பெரிய ஷூ வாங்கி முனையில் பஞ்சை அடைப்போம். சைக்கிளுக்குப் பஞ்சு அடைக்க முடியாது என்பதுதான் என் மண்டையில் ஏறவில்லை.

முதல் நாளே விழுந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை, விரல் பிரேக்குக்கு எட்டவில்லை... பாவம், வேறென்ன செய்வாள்?

முழங்கால் காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் அதோடு கீழே விளையாடப் போவதையே நிறுத்திவிட்டாள். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் எங்கள் ஆஸ்டின் டவுன் சந்து முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல். இவள் மட்டும் இரண்டாவது மாடி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போய் விளையாடு என்றால், "கால் வலிக்குதும்மா" என்பாள். ஒரு நாள் பொறுமை போய், மாடிப்படியில் வைத்தே, "பயந்தாங்கொள்ளி!" என்று கத்திவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் கீழ்வீட்டு ஷோபா வெளியே வந்தாள். கன்னடக்காரி, ஆனால் என்னோடு கன்னடம் கலந்த தமிழில்தான் பேசுவாள். "விடுங்க அக்கா, குழந்தைய வையாதீங்க. எங்க பொண்ணோட ஸ்கூட்டர் சும்னே கிடக்கு. யாழினியே வச்சு ஓட்டட்டும்."

பெட்ரோல் ஸ்கூட்டர் இல்லை. ஒரு பலகை, ஒரு ஹேண்டில், சின்னச் சின்னச் சக்கரங்கள். ஒரு காலைப் பலகையில் வைத்து மற்றக் காலால் தரையை உந்தினால் ஓடும், அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு வண்டியா, பொம்மை என்று மனசுக்குள் முகத்தைச் சுளித்தேன்.

யாழினி முதலில் அதைச் சும்மா தள்ளிக்கொண்டே நடந்தாள். பிறகு ஒரு உந்து. காலை ஊன்றி நின்றாள். இன்னொரு உந்து... அரைமணி நேரத்தில் சந்துக் கோடிவரை போய்த் திரும்பிவிட்டாள்!

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சைக்கிளில் மிதிக்கணும், விழாமல் இருக்கணும், பிரேக் பிடிக்கணும் — எல்லாம் ஒரே நேரத்தில். ஸ்கூட்டரில் பயம் வந்தால்? காலைக் கீழே வைத்தால் போதும். நிறுத்துவது தன் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் தைரியமாகக் கிளம்புகிறது.

இன்னொன்று. அந்த இருபது இஞ்ச் சைக்கிளைக் கீழே இறக்க அவள் அப்பா வரவேண்டும். டிராஃபிக்கில் நீந்தி அவர் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஸ்கூட்டரை அவளே மடித்து, அவளே தூக்கிக்கொண்டு இறங்குகிறாள். யார் தயவும் வேண்டாம். வளைவில் உடம்பைச் சாய்க்கக்கூடக் கற்றுக்கொண்டாள், யாரும் சொல்லித்தராமலே.

அதற்காக ஸ்கூட்டர்தான் உசத்தி என்று சாதிக்க வரவில்லை. சின்னச் சக்கரம், ஒரு கூழாங்கல் போதும் கவிழ்த்துவிட. பெங்களூர் ரோட்டுக் குழிகளைப் பற்றி நான் வேறு சொல்லணுமா? ஹெல்மெட் இல்லாமல் இறங்கக் கூடாது, சந்தைத் தாண்டக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன். தூரம் போக சைக்கிள்தான் வேண்டும். அதற்கு அவள் கால் வளரட்டுமே... என்ன அவசரம்?

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே யாழினி அலட்டாமல் சொன்னாள்: "அத ஓரமா வைம்மா. எட்டும்போது நானே கேக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. எதிரே ஆறு வயதில் ஒருத்தி நிற்க, எட்டு வயதில் வரப்போகிறவளுக்கு அல்லவா நான் சைக்கிள் வாங்கியிருக்கிறேன்? இவளுக்கு வாங்கவே இல்லையே!

அன்று சாயங்காலம் ஸ்கூல் ஷூ வாங்கப் போனோம். கடைப்பெண் காலை அளந்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஒரு சைஸ் பெருசா எடுக்கட்டுமா அக்கா? வளர்ற பாப்பா..."

யாழினி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"வேணாம்மா. இன்னைக்கு இருக்கிற காலுக்கே கொடு."