ஒத்துக்கொள்ளச் சொன்ன வக்கீல்

பொன்னேரி கோர்ட்டு வாசலில் மாமா அந்த வக்கீலுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். சீவிய காயை இரண்டு கையாலும் ஏந்தி, கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டுவதுபோல நீட்டினார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. குடித்து முடித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஜட்ஜ் கேட்டா ஒத்துக்கிறேன்னு சொல்லிடு. அவ்ளோதான்" என்றார். மாமா தலையாட்டினார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டியவர். தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. கொக்கி ஓர் உயரத்தைத் தாண்டி ஏறாமல் தானாக நிறுத்துவதற்கு அதில் லிமிட் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. அது கெட்டுப்போயிருந்தது. மாமா நிர்வாகத்திடம் சொல்லிப் பார்த்தார். அடுத்த ஷிப்டில் ஓட்டியவரும் சொன்னார். "இந்த ஆர்டர் போவட்டும், பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. ஒருநாள் கொக்கி நிற்காமல் ஏறி உச்சியில் மோதியது. கம்பி வடம் அறுந்து, தூக்கிய பாரம் அப்படியே விழுந்தது. கீழே நின்றிருந்த ஒடிசாக்காரர் ஒருவர் அங்கேயே இறந்துபோனார். தினமும் மாமாவோடு டீ குடித்தவர். ஏணியில் இறங்கி முதல் ஆளாக அவரிடம் ஓடியவர் மாமாதான். போலீஸ் கூட்டிக்கொண்டு போனதும் மாமாவைத்தான்.

அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தார் என்று வழக்கு. ஜாமீன் அன்றைக்கே கிடைத்தது. கம்பெனி தன் வக்கீலையே அனுப்பியது. "நமக்கோசரம் வக்கீலே வச்சிக்கிறாங்க பாரும்மா" என்று மாமா என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் அப்போது மீஞ்சூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். அக்கா கைக்குழந்தையோடு இருந்ததால் கோர்ட்டுக்கு அவருடன் நான்தான் போவேன்.

"என்ன குற்றத்தை சார் ஒத்துக்கணும்?" என்று இளநீர் குடித்த அந்த வக்கீலிடம் கேட்டேன். "சின்ன கேஸ்மா. ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம். கம்பெனி பாத்துக்கும்" என்றார். ஒரு மனிதன் செத்துப்போயிருக்கிறான். அது அவருக்குச் சின்ன கேஸ். அன்றைக்குக் குற்றப்பத்திரிகையின் நகலை மட்டும் கொடுத்து, விசாரணையை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த ஒத்திவைப்பு மட்டும் இல்லையென்றால் மாமாவின் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

கோர்ட்டு வளாகத்திலேயே இலவச சட்ட உதவிக்கு ஓர் அறை இருந்தது. வாய்தாவுக்கு வந்துபோகிற எத்தனையோ பேரைப்போல நாங்களும் அதன் பெயர்ப்பலகையைப் படித்ததில்லை. அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. மாமாவை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். அங்கிருந்த வக்கீலம்மா குற்றப்பத்திரிகையைப் பொறுமையாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒத்துக்கிட்டா என்ன ஆகும்னு அவரு சொன்னாரா?"

"ஃபைன்னு சொன்னாரும்மா."

"ஃபைனா ஜெயிலா, அதை ஜட்ஜ்தான் முடிவு பண்ணுவாரு. கம்பெனி முடிவு பண்ண முடியாது. ஒத்துக்கிட்டீங்கன்னா, அந்த ஆளு உங்க கையாலதான் செத்தாருன்னு ஆயிடும். அதுக்கப்புறம் சுவிட்சைப் பத்தி யாருமே கேக்க மாட்டாங்க."

வக்கீலம்மா அதோடு விடவில்லை. "அவரு கம்பெனியோட வக்கீல்ங்க. கம்பெனிக்கு எது நல்லதோ அதைத்தான் சொல்லுவாரு. உங்க தப்புன்னு நிரூபிக்க வேண்டியது போலீஸ். நீங்க தப்பு பண்ணலன்னு நீங்க நிரூபிக்க வேணாம். நீங்க தொழிலாளி, இலவசமா வக்கீல் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நான் வாதாடுறேன். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க நிறைய இருந்தது. கம்பெனி வக்கீலை வேண்டாமென்றால் வேலை போகும். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னோம். அவள் குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே, "வேலை போனா போவட்டும். செய்யாத கொலைய செஞ்சேன்னு சொல்லிக்கினு எந்த மூஞ்ச வச்சிக்கினு ஊட்டுக்குள்ள வருவ நீ?" என்றாள்.

அடுத்த முறை குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒத்துக்கொள்கிறீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். மாமா கையைக் கூப்பினார். "இல்லீங்கய்யா. நான் செய்யல." அந்த வாரமே ஆலை கேட்டில் அவரை நிறுத்திவிட்டார்கள். "சார் பாக்கணுமாம், நாளைக்கு வா" என்றார்கள். அந்த நாளை இன்றுவரை வரவில்லை.

வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. மாமா ஊத்துக்கோட்டைப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டினார். வாய்தா நாளில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நிற்பார். ஒருவழியாக ஆலையின் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் போலீஸ் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறினார். கிரேனில் எந்தக் கோளாறும் இல்லை என்றார். வக்கீலம்மா எழுந்தார்.

"விபத்து நடந்த மறுநாள் அந்த கிரேன்ல புது லிமிட் சுவிட்ச் போட்டீங்களா?"

"போட்டோம்."

"கோளாறு இல்லாத கிரேனுக்கு எதுக்குப் புது சுவிட்ச்?"

அவர் அரசு வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

"பழசை போலீஸ்கிட்ட குடுத்தீங்களா?"

"இல்ல. ஸ்கிராப்ல போட்டுட்டாங்க."

தீர்ப்பு மாமாவுக்குச் சாதகமாக வந்தது. விடுதலை. அக்கா கோர்ட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். மாமா மட்டும் அழவில்லை, சிரிக்கவுமில்லை. வக்கீலம்மாவைக் கும்பிட்டுவிட்டு அப்படியே நின்றார்.

"மேடம், நான் பண்ணலன்னு ஜட்ஜே சொல்லிட்டாரு. அப்ப யாரு பண்ணது? அத்த எப்ப கேப்பாங்க?"

"அதுக்கு அவங்க பேர்ல கேஸ் இருக்கணுங்க" என்றார் வக்கீலம்மா. அப்படி ஒரு கேஸ் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சுவிட்சைக் குப்பையில் போட்டவர்கள் ஒருமுறைகூட அந்தக் கூண்டில் குற்றவாளியாக நிற்கவில்லை. ஒத்துக்கொள்கிறாயா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. இளநீர் குடித்த அந்த வக்கீலை இப்போதும் எப்போதாவது பொன்னேரியில் பார்க்கிறேன். ஆலை ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது ஒரு தொழிலாளி பயபக்தியோடு அவர் பக்கத்தில் நின்றிருப்பான். அவர் பேசப் பேச அவன் தலையாட்டிக்கொண்டிருப்பான்.