நான் திரும்ப வாங்கிக்கொண்ட சாட்சி

நம் சபைப் பத்திரிகையைக் கையில் எடுத்திருக்கிற எல்லாருக்கும் எஸ்தரின் அன்பு. மதுக்கரை எஸ்தர் என்றால் உங்களுக்குத் தெரியும். போன வருஷம் ஒரு முதல் ஞாயிறு, ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்கிற சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடித்து நான் அழுததும், நீங்கள் எல்லாரும் கைதட்டியதும் ஞாபகம் இருக்கும். அந்தச் சாட்சி தப்பு. அதன்பிறகு நடந்ததுதான் என் உண்மையான சாட்சி.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரோட்டில் போகிற லாரிகளைப் பார்ப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. எனக்குத் தெரிந்தது கம்ப்யூட்டரும் வாயும்தான். அதனால் விர்ச்சுவல் அசிஸ்டன்ட் வேலைக்கு இறங்கினேன். வீட்டிலிருந்தபடியே எங்கேயோ இருக்கிற முதலாளிக்கு மெயில் பார்ப்பது, போன் பேசுவது, அவருடைய நாள் நேரங்களைக் குறித்து வைப்பது. வேலை கஷ்டமில்லை. வேலை கொடுக்கிற ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

ஒரு நோட்டுப் போட்டேன். தினமும் பத்து கம்பெனி தேடி, பெயரை எழுதி, அறிமுகம் அனுப்புவேன். மூன்றாம் நாள் ஒரு ஞாபகப்படுத்தல். ஏழாம் நாள் இன்னொன்று. ஃபாலோ-அப் பண்ணாத ஆளுக்கு கிளையன்ட் கிடைக்காது என்று படித்திருந்தேன். அந்தப் பெயர்களின்மேல் கைவைத்து ஜெபிப்பேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. நான்கு மாதம் இப்படிப் போனது. எனக்கு நம்பிக்கை செத்துப்போயிற்று.

அப்போது ஒரு பொருத்தனை பண்ணினேன். இந்த மாதத்துக்குள் ஒரே ஒரு கிளையன்ட் கிடைத்தால், வருகிற முதல் ஞாயிறே சாட்சி சொல்கிறேன் ஆண்டவரே என்றேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆலன் சார் என்று ஒருவர் எழுதினார். நான் அவருக்கு எதுவும் அனுப்பியிருக்கவில்லை. அவராகவே வந்தார். வெளிநாட்டில் பெரிய கம்பெனி, கொங்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அங்கே டேட்டா என்ட்ரி வேலை, நான் போனில் பேசிப் படிவம் நிரப்பித் தரவேண்டும் என்றார். என் குரலைப் பதிவு பண்ணி அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உங்கள் பேச்சில் மரியாதை இருக்கிறது, இதைத்தான் தேடினேன்" என்று எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முகவரியைச் சரிபார்க்க வீட்டு வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அவர் முகத்தை மட்டும் நான் ஒருநாளும் பார்க்கவில்லை. வீடியோ கேட்டால் கேமரா ரிப்பேர் என்பார்.

பொருத்தனை பண்ணியாகிவிட்டதே. வேலையில் சேர்ந்த நாலாம் நாள் மேடையேறிச் சாட்சி சொன்னேன். அன்றைக்கே, செருப்பு போடும் இடத்தில் ஜெயந்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் இல்லாமல் ஒற்றையாளாக மகள் ரூத்தை பி.சி.ஏ. வரைக்கும் படிக்க வைத்தவர்.

"ஏங்கண்ணு எஸ்தரு, அந்த சார்கிட்ட நம்ம ரூத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிப்போடு. கர்த்தர் உனக்குத் தொறந்த கதவு, அவளும் நொழஞ்சுக்கட்டும்."

"அதுக்கென்னங்க அக்கா, இன்னைக்கே சொல்லிப்போடறேன்" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் பாருங்கள்.

படிவத்தில் பெயர், வயது, பாஸ்போர்ட். கடைசியில் ஒரு கேள்வி: குடும்பத்தில் போலீஸ், வக்கீல், அரசாங்க அதிகாரி யாராவது உண்டா? உண்டு என்று சொன்ன பிள்ளைகளை ஆலன் சார் வேண்டாம் என்பார். காரணம் சொல்ல மாட்டார். இல்லை என்றவர்களின் பெயர் கம்ப்யூட்டர் பட்டியலில் பச்சையாக மாறும், ஆள் தேர்வு என்று அர்த்தம். எனக்கு அப்போதே ஒரு மாதிரிதான் இருந்தது. கேட்கவில்லை.

முதலில் நாலு பேர் கிளம்பினார்கள். அதில் ஒருவன் கோபிச்செட்டிபாளையம் செந்தில். நல்ல பையன். படிவத்தை நிரப்புவதற்குள் அரைமணி நேரம் பேசிவிட்டான். நானும் சும்மா இருப்பேனா, ஊர் உறவு எல்லாம் கேட்டேன். "அப்பா போயி மூணு வருசமாச்சுங்க அக்கா. வாய்க்கால்ல போனவரு திரும்பலீங்க. அம்மாதான்" என்றான். அதற்குப் படிவத்தில் இடமில்லை. நானும் எழுதவில்லை.

பழக்கம் விடுமா? அவர்கள் போன மூன்றாம் நாள், "நல்லபடியாகச் சேர்ந்தீர்களா?" என்று நாலு பேருக்கும் அனுப்பினேன். பதில் இல்லை. ஏழாம் நாளும் அனுப்பினேன். அடுத்த நாள் நாலு பேரிடமிருந்தும் பதில் வந்தது. நாலும் ஒரே வாக்கியம். 'இங்கே எல்லாம் மிகவும் நன்றாக இருக்கிறது, உங்கள் நண்பர்களையும் அனுப்புங்கள்.' ஒரு புள்ளிகூட மாறவில்லை.

ஆலன் சாரிடம் கேட்டேன். "உங்களுக்குக் கொடுத்த வேலையை மட்டும் பாருங்கள்" என்றார். மரியாதை போயிருந்தது. அன்றே ரூத்தின் பெயர் பச்சையானது. ஞாயிறு சாயங்காலம் விமானம்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மேடையேறி, இது கர்த்தர் கொடுத்தது என்று சொல்லிவிட்டேனே! அவர் கொடுத்ததைச் சந்தேகப்படலாமா என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உள்ளே இருந்தது விசுவாசமில்லை, வெட்கம். சபை முன்னால் முகம் போய்விடும் என்கிற பயம். ஒரு பெண்பிள்ளையைவிட என் முகம் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஞாயிறு விடியற்காலை முழங்காலில் நின்றேன். அழக்கூட வரவில்லை. "ஆண்டவரே, இது உம்மிடமிருந்து வந்ததில்லையென்றால் ரூத் விமானம் ஏறுமுன் காட்டும். எனக்கு என்ன அவமானம் வந்தாலும் வரட்டும்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

ஆராதனை முடியும் நேரம். பாஸ்டர் ரூத்தை முன்னால் அழைத்து முழங்காலில் நிற்க வைத்தார். எல்லாரும் கை நீட்டி வழியனுப்பும் ஜெபம் பண்ணினீர்கள். என் கையும் நீண்டிருந்தது. அப்போது கைப்பையில் போன் அதிர்ந்தது. செந்தில் என்று பெயர். வெளியே ஓடி, காதில் வைத்தேன். குரல் பதிவு.

"ஏனுங்க அக்கா, செந்தில் பேசறனுங்க. நல்லா இருக்கறனுங்க. எங்கப்பா இருக்கற எடத்துலதான் இருக்கறனுங்க. அவரு போன வழியிலதான் வந்தனுங்க. அப்பாவுக்குத் தொணைக்கு நான் ஒருத்தன் போதுமுங்க. வேற ஆளு வேண்டாமுங்க."

பின்னால் யாரோ அதட்டுகிற சத்தம். அதோடு முடிந்தது. அங்கே அவனைக் காவல் காத்தவர்களுக்கு அவன் அப்பா இல்லாத பிள்ளை என்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்: தண்ணீரில் செத்துப்போனவர் இருக்கிற இடத்துக்கு இன்னொரு ஆளை அனுப்பாதே என்கிறான். படிவத்தில் இல்லாததை என் வாயாடித்தனத்தால் கேட்டுவைத்திருந்தேன். எந்த வாயை வைத்து என்னைத் தூண்டிலாக்கினார்களோ, அதே வாயைக்கொண்டு கர்த்தர் எனக்குப் பதில் சொன்னார்.

நான் உள்ளே ஓடிவந்து, "நிறுத்துங்க! அவளை அனுப்பாதீங்க!" என்று கத்தியதை நீங்கள் பார்த்தீர்கள். "போன மாசம் நான் சொன்ன சாட்சியைத் திரும்ப வாங்கிக்கறனுங்க" என்று மைக் இல்லாமலே சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. ஜெயந்தி அக்கா என்னை அறைவார் என்று நினைத்தேன். அவர் ரூத்தை இழுத்து அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மதியம் ஆலன் சாரிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டு வாசல், நாற்காலியில் என் வீட்டுக்காரர். கீழே, 'நல்ல வீடு' என்று இரண்டு வார்த்தை. நானே எடுத்தனுப்பிய படம்தான். என்றாலும் மிரட்டுகிறார் என்று புரிந்து, போனை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "நாற்காலிய உள்ள போடமாட்டேன், நீ ஸ்டேசனுக்குக் கெளம்பு" என்றார். பாஸ்டரும் கூட வந்தார். பட்டியல், படிவம், குரல் பதிவு எல்லாவற்றையும் போலீஸிடம் கொடுத்தோம். என்னையும் பல நாள் விசாரித்தார்கள். அது நியாயம்தான்.

பல மாதம் கழித்து அரசாங்கம் மூலமாக மூன்று பேர் திரும்பி வந்தார்கள். பூட்டிய கட்டடத்தில் அடைத்து, கம்ப்யூட்டரில் ஊர் உலகத்தை ஏமாற்றிப் பணம் பறிக்கிற வேலை செய்ய வைத்திருக்கிறார்கள். செந்தில் வரவில்லை. அந்தக் குரல் பதிவுக்குப் பிறகு அவனை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள்.

கோபிக்குப் போய் அவன் அம்மாவின் காலில் விழுந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "எந்தச் சாமியோ கண்ணு, நீயும் கும்புடு, நானும் கும்புடறேன். பையன் வந்தாப் போதும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது எனக்கு மூன்று கிளையன்ட் இருக்கிறார்கள். உடுமலைப்பேட்டையில் ஒரு தேங்காய் வியாபாரி, இரண்டு பேர் கோவையில். பஸ் ஏறிப் போய், எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து வேலை கேட்டேன். கர்த்தர் அதையும் ஆசீர்வதித்திருக்கிறார். ரூத் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். போன ஞாயிறு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினாள். அந்தக் குரலுக்காக மட்டுமே ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன்.

அன்பானவர்களே, வேண்டிக்கொள்ளுங்கள். பதிலுக்குப் பொறுத்திருங்கள். கேட்டது கிடைத்த மாதிரி ஏதாவது வந்தாலும் அதன் முகத்தைப் பார்க்காமல் நன்றி சொல்லிவிடாதீர்கள். முக்கியமாக, தப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள வெட்கப்படாதீர்கள். வெட்கத்தை நான் விட்ட அன்றைக்குத்தான் அவர் பதில் தந்தார்.

நோட்டில் ஒரு பெயரை நான் இன்னும் அடிக்கவில்லை. ஏழு நாளைக்கு ஒருமுறை செந்திலுக்கு எழுதுகிறேன்: 'தம்பி, அம்மா நல்லா இருக்காங்க.' இத்தனை மாதமும் ஒரே டிக்தான், அவன் போனுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். போன வியாழக்கிழமை அது இரண்டானது. எங்கேயோ அந்த போனை யாரோ ஆன் பண்ணியிருக்கிறார்கள். அது அவன்தானா என்று தெரியவில்லை. அவனாக இருக்க வேண்டும் என்று என்னோடு ஜெபியுங்கள்.