வாட்ச் பிடிக்கிற ஆள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சிவதாணு வாட்சைக் கழற்றினால் பக்கத்தில் நிற்பவர்கள் தாமாகவே இரண்டடி பின்னால் போவார்கள். ஸ்டீல் பட்டை அவிழும், வாட்ச் பட்டாபியின் கைக்குப் போகும், அப்புறம் எதிரில் நிற்பவனுக்கு அடி விழும். முன்பொரு தடவை எவனுடைய பல்லிலோ பட்டு வாட்ச் கண்ணாடி தெறித்துவிட்டது. காசு கொடுத்து வாங்கின சாமானை ஏன் பாழாக்க வேண்டும் என்று அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. கீலும் தாழ்ப்பாளும் விற்கிற கடைக்காரன் புத்தி வேறெப்படி இருக்கும்? பல்லும் ஒரு சாமான்தான் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

வாட்ச் பிடிக்கிற பட்டாபி, கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்தவன். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் முன்னால் நிற்பது ஆளா அலமாரியா என்று அவனுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. பட்டாபியின் டிபன் பாக்ஸைத் தட்டிவிட்ட பையனைச் சிவதாணு பெஞ்சோடு கவிழ்த்தான். அன்று தொடங்கிய சிநேகம். ஹெட்மாஸ்டர் கேட்டபோது, ‘ஆமாம் சார், இவன்தான் கவிழ்த்தான்’ என்று பட்டாபி சொல்லிவிட்டான். பொய் என்பது அவன் வாயில் வராது. அதற்காகச் சிவதாணு அவன்மேல் கை வைக்கவில்லை. அந்த வகுப்பில் அப்படித் தப்பித்தவன் அவன் ஒருவன்தான்.

சிவதாணுவின் நாற்பது வருஷத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அடி அடியாகத்தான் சொல்ல வேண்டும். கம்பி லோடைக் கடை வாசலில் கவிழ்த்துவிட்டு முறைத்த லாரி டிரைவர் காது கேட்காமல் ஒரு மாதம் நடந்தான். நாகர்கோவிலில் நடந்த இவனுடைய கல்யாணத்திலேயே, பட்டாபியின் இலைக்கு இரண்டாம் தடவை பிரதமன் பாயசம் ஊற்றாமல் போனவனுக்கு மாப்பிள்ளைக் கோலத்தில் ஓர் அறை விட்டான். மாமனார் போட்ட புது வாட்ச் அப்போது பட்டாபியின் கையில் இருந்தது. சாலைக் கடைத்தெருவில் இதையெல்லாம் இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அடி வாங்கினவர்கள் மட்டும் கூடச் சேர்ந்து சிரிப்பதில்லை.

மனைவி திவ்யலட்சுமி பத்துப் பன்னிரண்டு வருஷம் பொறுத்தாள். போன ஆவணியில் மகள் அஸ்வதியின் பள்ளிக்கூட வாசலில் ஒரு ஆட்டோக்காரன் ரிவர்ஸ் எடுத்ததில் பிள்ளையின் பை சக்கரத்தில் மாட்டியது. பைதான், பிள்ளை இல்லை. சிவதாணு வாட்சைக் கழற்றினான். பட்டாபி பக்கத்தில் இல்லாததால் அதை மகளின் கையில் கொடுத்தான். ஆட்டோக்காரனின் உதடு கிழிந்து தெறித்த ரத்தம் பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கை நீட்டினான். பிள்ளை இரண்டு முழங்கையையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டது.

“மக்ளே, நான் உன்ன அடிக்கவா போறேன்?” என்றான்.

கை இறங்கவில்லை. ஒருநாளும் அவளை அவன் அடித்ததில்லை. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “கைய எறக்குட்டீ!” என்று கத்திப் பிடித்து இழுத்தான். பிள்ளை அலறியது. மறுநாள் காலையில் திவ்யலட்சுமி மகளைக் கூட்டிக்கொண்டு பூதப்பாண்டியில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒவ்வொரு வருஷமும் பூஜை லீவில் மூன்று பேர் பைக்கில் கிளம்புவார்கள்: சிவதாணு, பட்டாபி, மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஸ்ரீஜித். நெடுஞ்சாலை ஏறக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம். ரப்பர்த் தோட்டத்துக்குள்ளும் மலையடிவாரத்திலும் கிடக்கிற சின்ன ரோடுகளாகத் தேடிப் போவார்கள். இந்த வருஷம் பாலோடு, குளத்துப்புழை, தென்மலை வழியாகக் குற்றாலம் போய், அப்படியே மலையை ஒட்டித் தெற்கே இறங்கிப் பூதப்பாண்டியில் முடிப்பது என்று பட்டாபிதான் திட்டம் போட்டான். போட்டுவிட்டுத் திவ்யலட்சுமிக்கு போன் பண்ணினான்.

“அண்ணே, அவரு வந்து ஆயிரம் சத்தியம் பண்ணாண்டாம்,” என்றாள் அவள். “ஸ்ரீஜித்தும் சொல்லாண்டாம். நீங்க சொல்லணும். வழியில ஒருத்தன் மேலயும் கை வைக்கலேன்னு நீங்க சொன்னா நானும் பிள்ளையும் திருவனந்தபுரத்துக்கு வாறோம். வச்சாருன்னா, எங்க வாசல்ல வண்டிய நிறுத்தாண்டாம்.”

கிளம்புகிற அன்று கடை வாசலில் நின்று பட்டாபி அதை வரி பிசகாமல் சொன்னான். “வம்புன்னு ஒண்ணு வந்தா நான் பேசிக்கறேன். நீ வண்டிய விட்டு எறங்கப்படாது. ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கணும். புரியறதா?”

“செரிடே, செரி,” என்றான் சிவதாணு. அவன் குரல் அவனுக்கே சின்னதாகக் கேட்டது.

பாலோடு தாண்டி ஒரு தனியார் பஸ் அவனை ரோட்டை விட்டே இறக்கியது. புல்லட் சேற்றில் புதைந்து, ஆள் இடுப்பு வரை சேறாகி எழுந்தான். பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனான். சிவதாணுவின் வலது கை வாட்ச் பட்டைக்குப் போய்த் திரும்பி வந்தது. குற்றாலத்தில் அருவிக்குக் கீழே ஒரு தடியன் முழங்கையால் அவன் விலாவில் இடித்து இடம் பிடித்தான். சிவதாணு இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, தண்ணீர் தலையை அடிக்க அடிக்க நின்றான்.

“எடா பட்டாபி, இவன் சாமியாராகும்னு தோணுதுடா,” என்று ஸ்ரீஜித் கத்தினான். மூன்று பேரும் சிரித்தார்கள். சிவதாணுவுக்கு அன்று ராத்திரி கையெல்லாம் வலித்தது, அடிக்காத கை அப்படி வலிக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

அடுத்த நாள் பாபநாசம் கடந்து மலை கூடவே வந்தது. ஒரு பக்கம் மேகம் இறங்கிய மலை, மறுபக்கம் வாழையும் வயலும். எதிர்க்காற்றில் சிவதாணு ஹெல்மெட்டுக்குள் மகளிடம் பேசிக்கொண்டே ஓட்டினான். முதலில் என்ன சொல்வது, கிட்டே போவதா, அவளாக வரும்வரை நிற்பதா என்றெல்லாம் பேசிப் பார்த்தான். இன்னும் ஒரு பொழுது கை சும்மா இருந்தால் போதும். பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும்.

களக்காடு தாண்டிக் கால்வாய்க் கரையில் ரோடு குறுகியது. அங்கே ஒரு ஜீப் குறுக்கே நின்றது. மூன்று பேர் பானெட்டின் மேல் பாட்டிலும் மிக்சருமாகக் கடை பரப்பியிருந்தார்கள். பைக் போகக்கூட இடமில்லை. பட்டாபி இறங்கிப் போனான்.

“சார், கொஞ்சம் ஒதுக்கிண்டா நாங்க போயிடுவோம்.”

சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் நம்பர் பிளேட்டைப் பார்த்தான். “மலையாளத்தானுவளா? எங்க ஊர் ரோட்டுல எங்கள ஒதுங்கச் சொல்லுதியளோ?”

“தப்பா எடுத்துக்காதீங்கோ. நீங்க முடிச்சதுக்கப்புறமே போறோம்,” என்றான் பட்டாபி.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் குடித்தவன் கண்ணுக்கு எப்போதும் கூட்டத்தில் பெரிய உருவம்தான் படும். சிவப்புச் சட்டை நேரே சிவதாணுவிடம் வந்தான். சொன்னபடி சிவதாணு வண்டியில் உட்கார்ந்திருந்தான், இரண்டு கையும் ஹேண்டிலில்.

“என்னல பாக்க? எறங்கு.”

சிவதாணு ஹேண்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தான். சிவப்புச் சட்டை அவனுடைய ஹெல்மெட்டைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தான். விரல் மொழியை மடக்கி உச்சந்தலையில் கொட்டினான், பள்ளிக்கூடத்து வாத்தியார் கொட்டுகிற மாதிரி. ஒன்று, இரண்டு. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆக்ஸிலேட்டர் சிவதாணுவின் பிடியில் முறுக்கிக்கொண்டு புல்லட் உறுமியது.

“சத்தம் வண்டிக்கு மட்டுந்தானா? கை வெளங்காதால உனக்கு?” என்று சிவப்புச் சட்டை அவன் முகத்தில் காறித் துப்பினான்.

சிவதாணு இஞ்சினை அணைத்தான். இடது கையின் வாட்ச் பட்டையை அவிழ்த்தான். அதை வலது கையில் வாங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் பட்டாபி நிற்கிற பக்கம் நீட்டினான். பூதப்பாண்டியும் பிள்ளையும் அந்த நிமிஷம் அவன் மண்டைக்குள் இல்லை.

வாட்சை யாரும் வாங்கவில்லை.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பட்டாபியின் கை வரவில்லை. சிவதாணு திரும்பிப் பார்த்தான். பட்டாபி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றி, சிவதாணுவின் காலியான இடது கையில் வைத்து விரல்களை மடக்கினான்.

“இதைப் பிடிச்சுக்கோ. நீ அடிச்சா நான் திவ்யாகிட்ட பொய் சொல்லணும், எனக்கு அது வராது. நான் அடிக்கறேன்.”

“எடேய், பட்டாபி...”

பட்டாபி முழங்கையில் மாட்டியிருந்த தன் ஹெல்மெட்டை உருவி ஓங்கினான். முதல் அடி ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் விழுந்தது. பாவம், கண் தெரியாத மனுஷன். இரண்டாவது அடி ஹெல்மெட்டோடு சேர்ந்து சிவப்புச் சட்டையின் மூக்கில் போய் இறங்கியது. எலும்பு நொறுங்குகிற சத்தத்தை ஸ்ரீஜித் பத்தடி தள்ளி நின்று கேட்டான். ரத்தம் தாடை வழியாகச் சட்டைக்குள் ஓடியது. பட்டாபி அதைப் பார்க்கவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு காற்றிலெல்லாம் ஹெல்மெட்டைச் சுழற்றினான்.

அப்புறம் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. ஒருத்தன் பின்னாலிருந்து முழங்காலில் உதைத்தான். பட்டாபி விழுந்தான். வாயில் ஒரு மிதி. முன்பல் இரண்டு தார் ரோட்டில் தெறித்தன. ஓடிவந்த ஸ்ரீஜித்தை வயிற்றில் குத்திக் கால்வாய்ச் சரிவில் தள்ளினார்கள். மூன்றாமவன் ஜீப்பிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தான். “எறங்காதடா... எறங்காதடா...” என்று மண்ணில் கிடந்த பட்டாபி கத்திக்கொண்டிருந்தான்.

சிவதாணு இறங்கினான். வலது கையில் வாட்ச், இடது கையில் கண்ணாடி. வாட்சைக் கீழே போட்டால் அடிக்கலாம். மூன்று பேரையும் அடித்துப் போட அவனால் முடியும், அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. ஸ்பானர்க்காரன்கூட ஒரு எட்டுப் பின்வாங்கினான். சிவதாணு அவனைத் தாண்டிப் போனான். பட்டாபியின் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டான். இரண்டு முஷ்டியையும் திறக்கவில்லை.

முதல் அடி தோள்பட்டையில் விழுந்தது. அவனுக்கு வலியைவிட முதலில் ஆச்சரியம்தான் வந்தது. வாழ்நாளில் அவன் வாங்கின அடிகள் எல்லாம் சண்டைக்கு நடுவே, ரத்தம் சூடாக இருக்கும்போது வாங்கினவை. இது அப்படியில்லை. அடுத்தது எங்கே விழும் என்று தெரியாமல் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. விலாவில் விழுந்தபோது உள்ளே ஏதோ முறிந்தது. புருவத்தில் பூட்ஸ் கால் பட்டுக் கண்ணில் ரத்தம் இறங்கியது. கை ஓங்குகிற நிழல் தரையில் விழும்போதெல்லாம் உடம்பு தானாகச் சுருண்டது. லாரி டிரைவரும் பந்தி பரிமாறினவனும் ஆட்டோக்காரனும் இப்படித்தான் சுருண்டிருப்பார்கள். பயமாக இருந்தது. சிவதாணு என்கிற சாலைக்கடைச் சண்டியர் பயத்தில் முனகினான்.

எதிரே வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆட்களோடு வந்ததால் உயிர் பிழைத்தார்கள். ஜீப் கிளம்பிப் போயிற்று. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பட்டாபியின் உதட்டுக்கும் சிவதாணுவின் புருவத்துக்கும் தையல் போட்டார்கள். விலா எலும்பு இரண்டில் கீறல் விழுந்திருக்கிறது, வண்டி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். சிவதாணு ஓட்டினான். பட்டாபி தன் வண்டியை டிராக்டர்க்காரரின் வீட்டில் விட்டுவிட்டு ஸ்ரீஜித்தின் பின்னால் உட்கார்ந்து வந்தான்.

வெயில் தாழ்ந்த நேரம் பூதப்பாண்டி. வண்டிச் சத்தம் கேட்டுத் திவ்யலட்சுமி கேட்டுக்கு வந்தாள். கிழிந்த சட்டை, ரத்தம், தையல் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது.

“வாசல்ல வண்டிய நிறுத்தாண்டாம்னு சொன்னேன்லா?” என்று கேட்டை அடைத்தாள்.

பட்டாபி இறங்கி, வீங்கின வாயோடு வந்தான்.

“திவ்யா, அவன் யார்மேலயும் கை வைக்கலை.”

“பின்ன இந்தக் கோலம் எப்படி அண்ணே வந்துது?”

“அடிச்சது நான். வாங்கினது நாங்க மூணு பேரும்.”

“நீங்களா?”

“சத்தியமாட்டு இவன்தான் சேச்சி. ஜீப்பையும் சேத்து அடிச்சான்,” என்றான் ஸ்ரீஜித்.

அவள் புருஷனைப் பார்த்தாள். சிவதாணு சட்டைப் பையிலிருந்து வாட்சை எடுத்து, இரண்டு கையையும் நீட்டி விரித்துக் காட்டினான். வலது கையில் வாட்ச் கீறல் இல்லாமல் இருந்தது. இடது உள்ளங்கையில் மூக்குக்கண்ணாடிச் சில்லு கிழித்த காயம். விரல் மொழிகளில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அவள் வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டைத் திறந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

சிவதாணு வாசல்படியில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அஸ்வதி கதவோரம் நின்று பார்த்தாள். அவன் கூப்பிடவில்லை; கூப்பிடப் பயந்தான். ஹெல்மெட்டுக்குள் பேசிப் பார்த்தது எல்லாம் மறந்துபோயிருந்தது. பிள்ளை மெல்ல மெல்ல அவளாகவே வந்தாள். பக்கத்தில் வந்து, புருவத்துத் தையலைத் தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கினாள்.

சிவதாணுவின் இரண்டு முழங்கையும் விருட்டென்று எழுந்து முகத்தை மறைத்துக்கொண்டன.

அவன் செய்யவில்லை அதை, உடம்பு செய்தது. பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

“அப்பா,” என்றாள் அஸ்வதி, “நான் உங்கள அடிக்கவா போறேன்?”

கையை இறக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசைதான். முடியவில்லை. அந்த மறைப்புக்குள்ளேயே விலா வலிக்க வலிக்க அழுதான். அஸ்வதி அவனுடைய கையைப் பிடித்து இழுக்கவில்லை. படியில் பக்கத்தில் உட்கார்ந்து, அது தானாக இறங்கட்டும் என்று இருந்தாள்.