படத்துக்குக் கீழே ஒரு வரி

கோணலுக்குப் படம் வரையத் தெரியும். சிரிக்க வைக்கத் தெரியாது. கார்ட்டூன் போட்டுப் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய குறை வேண்டாம். ஆனால் பழைய ஊரில் இருந்தவரை அது அவனுக்குக் குறையாகவே தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் கத்தரி இருந்தான்.

கோணல் படத்தை வரைந்து மேசையில் தள்ளுவான். கத்தரி பார்ப்பான், டீயைக் குடிப்பான், காதைக் குடைவான். திடீரென்று ஒரு வரி சொல்வான். படம் எழுந்து உட்கார்ந்துவிடும். எவ்வளவு நீள வாக்கியத்தைக் கொடுத்தாலும் முக்கால்வாசியை வெட்டி எறிந்துவிடுவான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். கோணல் வரைகிற சுவர், மேசை, மனிதர் எல்லாமே கொஞ்சம் சாய்ந்திருக்கும். அவன் பெயருக்குக் காரணம் அது. மீசை முளைத்த வயதில் ஒரே பத்திரிகையில் சேர்ந்தவர்கள், அதே மீசை நரைக்கும்வரை ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். படத்தின் மூலையில் இரண்டு பெயரும் சேர்ந்துதான் வரும்.

பிறகு கோணலின் மனைவிக்கு இந்த நகரத்தில் நல்ல வேலை கிடைத்தது. குடும்பம் கிளம்பி வந்தது. வந்த நாளிலிருந்து கத்தரி போனை எடுக்கவில்லை. கொஞ்ச நாள் கோணல் விடாமல் கூப்பிட்டுப் பார்த்தான். அப்புறம் அவனுக்கும் வீம்பு வந்துவிட்டது.

"இன்னொரு தடவை கூப்பிட்டுத்தான் பாருங்களேன்" என்பாள் மனைவி.

"எத்தனை தடவை கூப்பிடுறது? நெனப்பு இருந்தா அவனே பேசட்டும்."

பேச்சு இப்படி. ஆனால் குளிக்கப் போனால்கூட போனைச் சத்தமாக வைத்துக் கதவோரம் விட்டுவிட்டுத்தான் போவான். இந்த அழகில் வீம்பு வேறு.

வரைந்த படங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு நகரமெல்லாம் ஏறி இறங்கினான். "இப்பல்லாம் யாரு சார் கார்ட்டூன் பாக்குறா?" என்றார்கள் ஓர் அலுவலகத்தில். பல் மருத்துவர் ஒருவர் தன் விளம்பரத்துக்குச் சிரிக்கிற பல் ஒன்று வேண்டும் என்றார். வரைந்து கொடுத்தான். பல்லும் சாய்ந்திருந்தது. அவர் அதை வாங்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கடைசியில் ஒரு நாளிதழின் வார இணைப்பில் கதவு திறந்தது. இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை படங்களை நிதானமாகப் புரட்டினார்.

"படம் பேசுது சார். கீழ ஒரு வரி மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

அந்த ஒரு வரிக்குத் தலைகீழாக நின்று பார்த்தான் கோணல். மருத்துவமனை வாசலில் தெருமுனைவரை நீண்ட வரிசையை அருமையாக வரைந்துவிட்டு, கீழே "நோயாளிகள் அதிகமாக உள்ளனர்" என்று எழுதினான். ஆசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், இதைப் பாத்தா அங்கயே ஒட்டி வச்ச அறிவிப்பு மாதிரி இருக்கு. பேசாம கீழ காலியா விட்ருவோம். படிக்கிறவங்களே எழுதி அனுப்பட்டும். நல்ல வரிக்கு ஒரு பரிசு குடுத்துடலாம்."

இயலாமையில் பிறந்த யோசனைதான். ஆனால் வரிகள் வந்து கொட்டின. பரிசுக்குரியதைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியையின் வேலை. ஆனாலும் கோணல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்தான். அவன் தேடியது ஒரே ஒரு குரலை. எந்த ஊரில் இருந்தால் என்ன, இணையத்திலும்தான் வருகிறதே; கீழே காலியாகக் கிடக்கிற ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரியால் சும்மா இருக்க முடியுமா? கை அரிக்காதா? வாராவாரம் இப்படி நினைத்தான், வாராவாரம் ஏமாந்தான்.

இதற்கிடையில் அலுவலகத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் சேர ஆரம்பித்தது. எல்லாரும் பரிசு கிடைக்காதவர்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்யும் ஒருவர், டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் டிரைவரம்மா, இன்னும் நாலைந்து பேர். முதலில் சண்டை போடத்தான் வந்தார்கள். "என் வரிக்கு என்ன சார் குறைச்சல்?" என்று கோணலை நிற்கவைத்துக் கேட்டார் மேஸ்திரி. தீர்ப்பு தன்னுடையது அல்ல என்று கோணல் கெஞ்சிய பிறகுதான் உட்கார இடம் கொடுத்தார்கள். மறு வாரம் அவர்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

"உங்க படத்துல ஒரு சுவராவது நேரா நிக்குதா சார்? நான்தான் வந்து மட்டம் பாக்கணும்" என்றார் மேஸ்திரி ஒருநாள். கடையே சிரித்தது. கோணலும் வயிறு வலிக்கச் சிரித்தான். வீட்டுக்கு நடக்கிறபோது பாதி வழியில் நின்றுவிட்டான். இதைக் கத்தரியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் இதிலும் இரண்டு வார்த்தையை வெட்டுவான். வெட்டட்டும், கேட்டால் போதும். நல்ல மனிதர்கள் கிடைக்கக் கிடைக்கக் கோணலின் ஏக்கம் குறையும் என்று மனைவி நம்பினாள். அது கூடித்தான் போயிற்று.

அந்த வாரம் கோணல், கத்தரி ஒருவனுக்காகவே ஒரு படம் வரைந்தான். பிதுங்கி வழியும் பஸ். ஜன்னலோரம் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். சுற்றிலும் அத்தனை பேர் நிற்க, அவன் பக்கத்து இருக்கை மட்டும் காலி. அதன்மேல் இடம் பிடித்து வைத்த கைக்குட்டை.

வந்த வரிகளில் ஒன்று அவனை உலுக்கிவிட்டது: "வரமாட்டான்னு தெரியும். இருந்தாலும், ஆள் வருது."

கோணல் அதை மறுபடியும் படித்தான். அதே வெட்டு, அதே நிறுத்தல். அவனேதான்.

"இது யாரு அனுப்புனது மேடம்?"

ஆசிரியை அனுப்பியவரின் போன் எண்ணைப் பார்த்தார். "நம்ம டிரைவரம்மா சார். இந்தத் தடவை பரிசு அவங்களுக்குத்தான்."

கோணல் எண்ணை வாங்கித் தானும் ஒருமுறை பார்த்தான்.

சனிக்கிழமை டீக்கடையில் ஒரே கூச்சல். பரிசு வாங்கியவருக்கு இனி இந்தக் கூட்டத்தில் இடமில்லை என்று மேஸ்திரி தீர்மானம் போட்டு, அபராதமாக எல்லாருக்கும் டிரைவரம்மாவை டீ வாங்கித் தரச் சொன்னார். குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். டிரைவரம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"யாருக்குத் தம்பி அந்த இடம்?"

கோணல் மழுப்பிப் பார்த்தான், முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். மனைவியிடம்கூடச் சொல்லாததையும் சொன்னான்.

"ஊரை விட்டுப் போறதை முன்னாடியே சொன்னா அவன் மூஞ்சி வாடிடும்க்கா. அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல. சாமானெல்லாம் லாரியில ஏத்துனப்புறம்தான் போன்ல சொன்னேன். 'அப்படியா'ன்னான், வச்சுட்டான். அன்னையிலேருந்து நான் இங்க இடம் பிடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவன் திரும்பிக்கூடப் பாக்கல."

டிரைவரம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இறங்கிப் போனது நீங்கதானே தம்பி? அவரு அதே பஸ்லதானே இருக்காரு?"

குத்திக்காட்டுகிற தொனி இல்லை. தினமும் ஏறி இறங்குகிறவர்களைப் பார்க்கிறவர், பார்த்ததைச் சொன்னார். பஸ்ஸைக் கழுவி நிறுத்த வேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டார்.

கோணல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்தப் பழைய மேசையில் கத்தரிக்குப் பக்கத்து நாற்காலி இத்தனை நாளும் காலியாகக் கிடந்திருக்கும். இங்கே வந்து எத்தனையோ படம் போட்டவன், அந்த நாற்காலியை ஒருநாளும் மனத்தில்கூட வரைந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. டீக்கடைக்காரர் பார்க்கிறாரே என்ற கூச்சம்கூட இல்லாமல் போனை எடுத்தான்.

முதல் தடவை மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டான். எடுத்தான் கத்தரி.

"டேய்... நான்தான்டா இறங்கிட்டேன்."

எந்த பஸ், என்ன பேச்சு இது என்று எதுவும் கேட்கவில்லை கத்தரி. ஒரு வரிதான் சொன்னான்:

"சொல்லிட்டு இறங்கியிருக்கலாம்லடா."