பந்துக்கு முன்னால் ஓடுகிறவன்

விளையாடும்போது வாய்க்குள் வைக்கிற பல்லுக்கவசத்தைக் கொதிநீரில் போட்டவுடன் ஒரு வாசனை வரும், புது ரப்பர் செருப்பை அடுப்புக்குப் பக்கத்தில் மறந்து வைத்துவிட்டால் வருமே, அதைப் போல. இளகியதும் அதை எடுத்து, சூட்டோடு வாய்க்குள் வைத்து அழுத்திக் கடித்தால், கடித்தவனுடைய பல்வரிசை அதில் பதிந்துவிடும். அதன் பிறகு அது வேறு எவனுக்கும் பொருந்தாது. பாரிஸில், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீட்டில் இதற்குத் தோதான பாத்திரம் தேநீர் வைக்கிற சட்டி மட்டும்தான் என்பதால், நான் கவசம் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அம்மா கதவடியில் நின்று, "உன்ரை பல்லை அவிச்ச தண்ணியிலையோ இனி எங்களுக்குத் தேத்தண்ணி?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, சட்டியைத் தேசிக்காய்த் தோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். அப்படியும் இரண்டு நாளைக்குத் தேநீரில் அந்த வாசனை இருக்கும். அப்பா அதையும் குடிப்பார்.

நாங்கள் விளையாடியது அமெரிக்கக் கால்பந்து. பாரிஸுக்கு வெளியே ஒபர்வில்லியேயில், மொத்த வியாபாரக் கிடங்குகளுக்குப் பின்னால், மழை பெய்தால் முழங்கால் வரை சேறாகிற ஒரு மைதானம் இருந்தது. லாச்சப்பல் கடைத்தெருவில் யாரிடமாவது சொன்னால் "ரக்பியோ?" என்பார்கள்; இல்லை என்று விளங்கப்படுத்தி அலுத்து, கடைசியில் நானும் ஓம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோளில் ஆமை ஓட்டைப் போல ஒரு காப்பு. நான்கு முயற்சிக்குள் பந்தோடு குறிப்பிட்ட தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. இப்படியே போய் எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் புள்ளி. அதற்குமேல் சட்டம் நிறைய உண்டு, ஆனால் இந்தக் கதைக்கு இது போதும்.

அந்தத் தூரத்தைக் கடக்க அப்போது நாங்கள் அறிந்திருந்த வழி ஒன்றே ஒன்று. முன்வரிசையில் ஐந்து பெரிய பையன்கள் தோளோடு தோள் முட்டிக் குந்துவார்கள். அவர்களுக்குப் பின்னால் பந்தை வாங்கிக் கொடுக்கிறவன், அவனுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ரூபன். பந்து ரூபனுடைய கைக்குப் போகும். ஆனால் அவனுக்கு முன்னால் நான் ஓடுவேன், ஐந்து பேரும் எதிராளிகளைத் தள்ளித் திறந்த இடைவெளிக்குள் புகுந்து, அங்கே எவன் நிற்கிறானோ அவன்மேல் மோதி அவனை விழுத்துவேன், ரூபன் என் முதுகை ஒட்டிக்கொண்டு கடந்து போவான். என் இடத்துக்கு ஃபுல்பேக் என்று பெயர். இரண்டு வருடம் விளையாடியதில் பந்து என் கையில் இருந்த நேரத்தைக் கணக்கெடுத்தால் ஒரு பாட்டுக் கேட்கிற நேரம்கூட வராது. அப்பா எனக்கு "வழிவெட்டி" என்று பெயர் வைத்தார்.

ரூபன் மன்னார்க்காரன், கத்தோலிக்கன், ஒல்லி. என்னை அந்த மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன் அவன்தான். ஜெரோம் என்கிற பயிற்சியாளர் பஸ் ஓட்டுகிறவர். வேலைச் சட்டையோடேயே மைதானத்துக்கு வருவார். முதல் நாள் என்னைப் பார்த்து, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி, தள்ளு என்றார். தள்ளினேன். சேற்றில் மல்லாக்க விழுந்து கிடந்தபடியே சிரித்தார். நாம் எங்கே வருகிறோம் என்று எதிரணிக்கு நன்றாகத் தெரியட்டும், தெரிந்தும் நிறுத்த முடியாமல் போகட்டும் என்பதுதான் அவர் சொல்லித் தந்த முழுப் பாடமும். பெரும்பாலும் அவர்கள் நிறுத்தினார்கள். நாங்கள் அதிகம் தோற்கிற அணியாகத்தான் இருந்தோம்.

அப்பா ஓர் உணவகத்தில் "கோப்பை கழுவுகிற" வேலை செய்தார். ஞாயிறு லீவு கிடைத்தால் மைதானத்துக்கு வந்து கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதல் தடவை பார்த்துவிட்டு வழியெல்லாம் யோசித்தபடி வந்தவர், வீட்டு வாசலில் நின்று கேட்டார்: "ஏன் மோனை, அந்தப் பெடியன் உனக்கு என்ன செய்தவன்?"

"எந்தப் பெடியன்?"

"நீ ஓடிப் போய் இடிச்சு விழுத்தினியே. அவனிட்டைப் பந்தும் இல்லை. உன்னட்டையும் இல்லை."

மூன்றாம் தடவையிலிருந்து அவருக்கு விளையாட்டு பிடித்துப் போனது. கூட்டம் கொஞ்சம் நகர்கிறது, விழுகிறது, எழும்புகிறது, மறுபடி கொஞ்சம் நகர்கிறது. ஸ்டார்ட் ஆகாத வான் வண்டியைத் தள்ளுகிற மாதிரித்தான், இது விளங்குகிற விளையாட்டு என்றார். என் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்பது அவருக்கு விளங்காது, ஆசிரியர்களின் பிரெஞ்சு அவருக்கு எட்டாது. ஆனால் நான் ஒருவனை விழுத்தியதும் ரூபன் கடந்து போனதும் வேலிக்கு வெளியிலிருந்தே அவருக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், நான் தோற்றுக்கொண்டிருந்தேன். அந்த வருட முடிவில் லீசே என்கிற மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். என் புள்ளிகளுக்குச் சமையல் தொழில் படிக்கிற பிரிவுதான் கிடைக்கும் என்று வகுப்பாசிரியை சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அப்பா, "குசினிக்குள்ளை ஒருத்தன் நிண்டது காணும்" என்று மட்டும் சொன்னார். மிச்சமிருந்தது ஒரு வழி. நகரத்துக்கு வெளியே விடுதியோடு ஒரு லீசே இருந்தது, அங்கே இந்த விளையாட்டுக்கென்று தனிப்பிரிவு நடத்தினார்கள், புள்ளி குறைந்தாலும் நன்றாக விளையாடுகிறவனை எடுப்பார்கள். வசந்தகாலத்தில் அங்கிருந்து ஓர் ஆசிரியர் வந்து எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பார். ஆகவே அந்த ஒரு வருடத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது, அணியில் என் இடத்தில் நின்று, தெரிந்ததைச் செய்வது மட்டும்தான்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் ஜெரோம் மனைவியின் வேலை காரணமாகத் தெற்குப் பக்கம் போய்விட, ஃபாபியான் வந்தார். இளைஞர், மரியாதையானவர், எவன் மேலும் குரல் உயர்த்தாதவர். ஒரு டாப்லெட் கொண்டுவந்து, அமெரிக்காவில் இப்போது எப்படி விளையாடுகிறார்கள் என்று எங்களை வட்டமாக இருத்திக் காட்டினார். எல்லோரும் மைதானத்தின் அகலத்துக்குச் சிதறி நின்றார்கள். பந்து கையிலிருந்து பறந்து போனது, எங்கோ ஓரத்தில் ஒருவன் தாவிப் பிடித்தான். முட்டி மோதி இரண்டு எட்டு எடுக்கிற நேரத்தில் அவர்கள் பாதி மைதானம் கடந்தார்கள். எங்களுக்குள் ஒருவித வெட்கம் வந்தது, இத்தனை நாளும் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று யாரோ சொல்லிவிட்டது போல.

அடுத்த வாரம் ஃபாபியான் எங்களைப் புதிதாக நிறுத்தினார். ரூபனை ஓரத்துக்கு அனுப்பினார். கால் வேகமும் நல்ல கையும் உள்ளவன், அவன் அங்கே பிறந்தவன் மாதிரி நின்றான். என்னை முன்வரிசையில் வைத்துப் பார்த்தார், உயரம் போதவில்லை. ஓரத்தில் வைத்துப் பார்த்தார், வேகம் போதவில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் என் உடம்பு வளர்ந்திருந்தது, அந்த நடுவைத்தான் அவர்கள் எடுத்துவிட்டார்கள். மாற்று ஆட்டக்காரர்கள் இருக்கிற ஓரத்து வாங்கில் போய் இருந்தேன்.

இதைச் சொன்னபோது அப்பா அதிர்ச்சியடையவில்லை. லாச்சப்பலில் எங்கள் ஆட்களுக்கு மறுப்பு புதிதல்ல. அகதி வழக்கு முதல் தரம் நிராகரிக்கப்படும், மேன்முறையீடு போட வேண்டும், போட்டால் சில சமயம் கிடைக்கும். அப்பாவுக்கு அப்படித்தான் கிடைத்தது. ஆகவே அவர் ரூ பெர்தொனே தெருவுக்குப் போய், விசா வழக்குகளுக்கு மொழிபெயர்க்கப் போகிற சிற்றம்பலம் அண்ணையைப் பிடித்துக்கொண்டு, கடையில் ஒரு பெட்டி "ரோல்சும்" வாங்கிக்கொண்டு, பயிற்சி நடக்கிற நேரத்தில் மைதானத்துக்கு வந்துவிட்டார். சிற்றம்பலம் அண்ணை நீதிமன்றத்துக்குப் போடுகிற கோட்டோடு வந்திருந்தார். சப்பாத்தில் சேறு படாமல் நடக்கப் பார்த்து முடியாமல், வந்து நின்று, இந்தக் குடும்பம் தங்களின் முடிவை மீள்பரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொள்கிறது என்று அழகான பிரெஞ்சில் தொடங்கினார். ஃபாபியானுக்கு எந்த முடிவு என்று விளங்கவில்லை.

"பெடியன்ரை பிழை என்னெண்டு கேளுங்கோ அண்ணை," என்றார் அப்பா.

கேட்டார். "பிழை ஒண்டும் இல்லையாம். நல்ல பெடியனாம்."

"அப்ப ஏன் வெட்டினவர்?"

"வெட்டேல்லையாம். இவன் நிண்ட இடமே இப்ப இல்லையாம்."

"எங்கை போட்டுது?"

அண்ணை இதையும் அப்படியே மொழிபெயர்த்தார். ஃபாபியான் சிரிக்கவில்லை. டாப்லெட்டைத் திறந்து படங்களைக் காட்டி நெடுநேரம் விளக்கினார். அண்ணை முதலில் வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தார்: "அமெரிக்காவிலையே கன அணியள் விட்டிட்டினமாம்... சட்டமும் பந்து எறியிறதுக்குச் சாதகமாய் மாறிப் போச்சாம்..." பிறகு சொல்வதை நிறுத்திவிட்டு, அப்பாவின் பக்கம் திரும்பி, தமிழில் தன் சொந்தக் கருத்தைச் சொன்னார்: "இதுக்கு அப்பீல் இல்லைத் தம்பி. ரிஜெக்ட் பண்ணினால் மேலை போகலாம். இஞ்சை ஒருத்தரும் ரிஜெக்ட் பண்ணேல்லை."

ஃபாபியான் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அப்பாவின் கையைப் பிடித்து ஒரு வாக்குக் கொடுத்தார்: பந்து கடைசிக் கோட்டுக்கு ஓர் எட்டுத் தூரத்தில் வந்து நின்றால், அங்கே முட்டித் தள்ளத்தான் வேண்டும், அப்போது உங்கள் மகனை இறக்குவேன். பஸ்ஸில் அப்பா, "நல்ல பெடியன். கோபிக்கவும் ஏலாமல் கிடக்கு," என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் பந்து அந்த இடத்தில் வந்து நிற்பதற்காக நாங்கள் இருவரும் காத்திருந்தோம், நான் வாங்கில், அவர் வேலியில். அது வந்து நிற்கவில்லை. ஃபாபியானுடைய முறை சரியாகத்தான் இருந்தது; பந்து நடு மைதானத்திலிருந்தே பறந்து போய்ப் புள்ளியாகியது, நாங்கள் வெல்லத் தொடங்கினோம், பார்க்க வருகிறவர்களும் கூடினார்கள். எங்கள் அணி புள்ளி எடுக்கிற ஒவ்வொரு தடவையும் எல்லோரும் துள்ளிக் கத்த, வேலியோரம் ஒரு மனிதர் மட்டும் தலையைக் குனிந்து நிற்பதைப் பார்ப்பேன். பக்கத்தில் நின்ற ஒரு பிரெஞ்சுத் தாய் அவரை எதிரணிக்காரர் என்று நினைத்து ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

லீசே ஆசிரியர் வந்த ஞாயிறன்று மழை. நனைந்த பந்து கைகளில் வழுக்கியது, யாராலும் தூரத்துக்கு எறிய முடியவில்லை. கடைசிப் பகுதியில், நாங்கள் ஒரு புள்ளியால் பின்தங்கி நிற்க, பந்து கோட்டுக்கு ஓர் எட்டுத் தூரத்தில் வந்து நின்றது. ஃபாபியான் என்னைப் பார்த்தார். நான் எழும்பித் தலைக்கவசத்தை மாட்டும்போது, "டேய் தம்பி!" என்று வேலியிலிருந்து ஒரு குரல் வந்தது. அப்பா என்னை அப்படிக் கூப்பிட்டு அதுவரை நான் கேட்டதில்லை.

கூடி நின்று திட்டத்தைக் கேட்டோம். என்னை நடுவில் நிறுத்தினால், இவர்கள் பழையபடி முட்டத்தான் போகிறார்கள் என்று எதிரணி முழுவதும் நடுவுக்கு வரும். நான் வழமைபோல மோத வேண்டும். ஆனால் என் பின்னால் பந்து வராது. அது ஓரத்தில் தனியே நிற்கிற ரூபனுக்குப் போகும். ரூபன் என் முகத்தைப் பார்த்தான். நான் பல்லுக்கவசத்தைக் கடித்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

மோதினேன். நான் விளையாடிய நாட்களிலேயே நல்ல மோதல் அதுதான்; எதிரே வந்தவன் என்னைவிடப் பெரியவன், அவனைத் தூக்கிக் கொண்டுபோய்க் கோட்டுக்கு அப்பால் போட்டு அவன்மேல் விழுந்தேன். இன்னும் இரண்டு மூன்று பேர் என்மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் கிடந்தபடி, வலப்பக்கத்து மூலையிலிருந்து ஆரவாரம் எழும்புவதைக் கேட்டேன். எழுந்து பார்த்தபோது எல்லோரும் ரூபனைத் தூக்கி வைத்திருந்தார்கள். குடையின் கீழ் நின்ற லீசே ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். என் பக்கம் பார்த்து நின்றவர் அப்பா மட்டும்தான், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டு.

பஸ்ஸில் ரூபனும் எங்களோடு வந்தான். அப்பா மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. "நீ வெட்டின வழியாலைதானே அவன் போனவன்?" என்று என்னிடம் கேட்டார். எதிர் இருக்கையிலிருந்து ரூபன், "ஓம் மாமா, அதாலைதான் போனனான்," என்றான்.

லீசே ரூபனை எடுத்தது. என்னை மறுத்துக் கடிதம்கூட வரவில்லை. என்னைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்டிருக்கவுமில்லை. சமையல் பிரிவில் ஒரு வருடமும் சில மாதங்களும் இருந்தேன், பிறகு போகவில்லை. மார்செய் சந்தையில் மீன்பெட்டி தூக்கினேன், லில்லில் இரண்டு குளிர்காலம் கோப்பை கழுவினேன், திராட்சை பிடுங்கினேன், ஓர் இடத்தில் நிற்க முடியாதவன் என்று பெயர் எடுத்தேன். ரூபன் இப்போது ஓர் அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருக்கிறான், கண்டால் கட்டிப் பிடிப்பான். அப்பா முதுகு கைவிடும்வரை கோப்பை கழுவிவிட்டு வீட்டில் இருக்கிறார். இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் அகப்படவில்லை.

இப்போது கூசேன்வில்லில் தங்கி, விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறேன். போன மாதம் ஒரு லீவு நாளில் ஒபர்வில்லியேக்குப் போனேன். கிடங்குகள் சிலவற்றை இடித்து அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள், மைதானத்தில் சேறு இல்லை, பச்சை நிறத்தில் செயற்கைப் புல். பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள், நல்ல கெட்டிக்காரர்கள், ஒருவனை ஒருவன் தொட முடியாத தூரத்தில் மைதானம் முழுக்கப் பரந்து நின்றார்கள். பந்து கொடுக்கிறவனுக்குப் பின்னால், நடுவில், வெறும் புல் கிடந்தது. என் இடத்தில் வேறு எவனாவது நின்றிருந்தால், அவன் எப்படி மோதுகிறான் என்று பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன். அங்கே ஒருவனும் இல்லை. எதைப் பார்க்க வந்தேன் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.