சிரிக்காட்டி என்னை வந்து கேளுங்கோ

வெயில் ஏறின தகரத்துக்கு ஒரு மணம் இருக்கு. அதோட பீடிப் புகையும், கச்சான் கடலைக் கோதும், கடலால நேர வந்த ஆக்களின்ட சாரத்தில உப்பு மணமும் சேர்ந்தா... அதுதான் அறுபதுகளில முல்லைத்தீவில இருந்த எங்கட படக்கொட்டகை. கூரை முழுக்க ஆணி ஓட்டை. பின்னேர ஷோவில அந்த வெளிச்சப் பொட்டுகள் திரையில ஊர்ந்து ஊர்ந்து கதாநாயகியின்ட மூக்கில வந்து நிக்கும்.

நான் அங்க அறிவிப்பாளர். பேர்தான் பெரிசு. மேல புனல் ஒலிபெருக்கி கட்டின ஒரு பழைய காரில மைக்கைப் பிடிச்சுக்கொண்டு ஊர் ஊராக் கத்திறதுதான் வேலை. இருபத்திரண்டு வயசு. என்ர குரலில எனக்கே ஒரு மயக்கம்.

ஒருநாள் முதலாளி ஒரு நோட்டீஸைத் தந்தார். அதில பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு குண்டு மனுசன்.

"சிரிப்புப் படமாம். நல்லாக் கத்து."

படப்பெட்டி இன்னும் பஸ்ஸில வந்து சேரேல்லை. நான் படத்தைப் பாக்கவுமில்லை, என்ன கதையெண்டு கேக்கவுமில்லை. கரையோரமா நாயாறு வரைக்கும் போய்க் கத்தினன்.

"வயிறு நோகச் சிரிப்பியள்! சிரிக்காட்டி என்னை வந்து கேளுங்கோ!"

அந்தக் கடைசி வரி நோட்டீஸில இல்லை. நானாப் போட்டது.

நாயாற்றில சிசிலியாக்கா காரை மறிச்சா. கருவாடு காயப்போட்ட கையோட ஓடி வந்து நிண்டா. அவாவின்ட மனுசன் சூசையண்ணையை எனக்குத் தெரியும். முந்தின மாரியில தன்ர தம்பியோட கடலுக்குப் போனவர், தனியத்தான் திரும்பி வந்தவர்.

"தம்பி, உண்மையாச் சிரிப்பு வருமோ? இந்த மனுசன் சிரிச்சு எட்டு மாசம். வீட்டில ஒரு கதை பேச்சுமில்லை."

"ஓம் அக்கா, கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் பொறுப்பு."

நான் பொறுப்பாம்! இப்ப நினைச்சாலும் என்ர வாயில நானே அடிக்கவேணும் போல கிடக்கு.

அடுத்தநாள் பின்னேரம் வந்தினம். அண்ணை தோய்ச்ச வெள்ளைச் சேட்டு, அக்கா பெருநாளுக்குக் கட்டுற சீலை. அவரை முன்னுக்கு இருத்திப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா.

படம் தொடங்கிச்சு. என்னத்தைச் சொல்ல... அதுக்கு முந்தின வருசம் ஒரு கடல் படம் ஓடி, சனம் அழுது தீர்த்திருந்தது. அதுக்கு வந்த கூட்டத்தைக் கண்டு, எவனோ காசுக்காக அவசர அவசரமா எடுத்துத் தள்ளின நக்கல் படம் இது. குண்டு மனுசன் சீலை கட்டிக்கொண்டு வந்து விழுந்தான். எழும்பினான். திரும்பவும் விழுந்தான். விழுறதுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டாமோ? ஒருத்தனுக்கு ஒட்டு மீசை கழண்டு தொங்குது, அந்தக் காட்சியைக்கூடத் திரும்ப எடுக்கப் பஞ்சிப்பட்ட சோம்பேறியள். இந்தச் சனத்துக்கு இது காணும் எண்டு நினைச்சிருக்கிறாங்கள். அந்த நினைப்பிலதான் எனக்கு இண்டைக்கும் கொதி.

பிறகு அந்தக் காட்சி வந்துது. வள்ளம் கவிழுது. ஒருத்தன் வாயில மீனைக் கவ்விக்கொண்டு, கையைக் காலை அடிச்சு "அண்ணா... அண்ணா..." எண்டு கத்திறான். அண்ணன்காரன் கரையில குந்தியிருந்து வெத்திலை சப்பிறான்.

எங்கயோ ஒருத்தன் விசிலடிச்சான்.

சூசையண்ணை எழும்பினார். துவாயைத் தோளில போட்டார். திரைக்குக் குறுக்கால, அந்த வெளிச்சம் முழுக்க உடம்பில விழ, மெதுவா நடந்து வெளிய போனார்.

விசில் நிண்டுது.  படம் மட்டும் தன்ர பாட்டில கத்திக்கொண்டிருந்தது.

வாசலில நிண்ட என்னட்டை அக்கா வந்தா. ஏசப்போறா எண்டு நினைச்சன். ஏசியிருக்கலாம்.

"நீர்தானே தம்பி வந்து கேக்கச் சொன்னனீர்? அதுதான் கேக்கிறன். இதில எந்த இடத்தில சிரிக்கிறது?"



முதலாளியோட போய்ச் சண்டை பிடிச்சன். "சனம் வருகுதெல்லே, உனக்கென்ன?" எண்டார். அடுத்தநாளும் அந்தக் காரில ஏறினனான், அதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேணும். நாயாற்றுப் பக்கம் மட்டும் மைக்கை நிப்பாட்டிப்போட்டு இருந்தன். அந்த மாசத்தோட வேலையையும் விட்டிட்டன்.

இப்ப ஏன் இந்தக் கதை எண்டு கேப்பியள்.

போன கிழமை எங்கட ஊராக்களின்ட போன் குறூப்பில ஒருத்தர் அந்த வள்ளக் காட்சியை வெட்டிப் போட்டிருக்கிறார். "அந்தக் காலச் சிரிப்பு இனி வராது" எண்டு மேல ஒரு வரி வேற. கீழ வரிசையாச் சிரிக்கிற மூஞ்சியள்.  நானும் அதுக்குக் கீழ அக்கா கேட்டதை எழுதினன்.

"இதில எந்த இடத்தில சிரிக்கிறது?"

அதுக்கும் ஆறு பேர் சிரிச்சிருக்கினம்.

அண்டைக்கு அந்தத் தகரக் கொட்டகையில, ஒரு மனுசன் எழும்பிப் போனது விசிலடிச்சவனுக்கும் தெரிஞ்சுது. இப்ப ஆர் எழும்பிப் போனாலும் ஆருக்குத் தெரியப்போகுது...